உப்பளக் கரையில் கூண்டு முயல்
மரக்காணம் பக்கத்துப் புதர்க்காட்டு முயலும் வீட்டுக் கூண்டு முயலும் வேறு இனங்கள். பின்னதன் மூதாதை ஐரோப்பாவைச் சேர்ந்தது. தமிழகத்தில் அதன் வளர்ப்புக்கு வழிகாட்டிய இடங்களில் கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி மையம் ஒன்று. அங்கே நோக்கம் இறைச்சியும் ரோமமும். சில மாதங்களில் எடை ஏற வேண்டிய முயலுக்கு அடர்தீவனம் சரி. 8, 10 ஆண்டு வாழும் செல்லத்துக்கு அந்தப் பண்ணைப் பழக்கம் பொருந்தாது. வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லைத் தேய்ப்பதும் குடலை இயக்குவதும் நாருள்ள புல்தான்.

உவர்நிலத்தில் புல்லுக்கு எங்கே போவது என்பார்கள். உப்பளம் தாண்டினால் வயல்வரப்பு, அதில் அருகம்புல். மருந்தடிக்காத இடத்தில் அறுத்துக் காயவைத்து எந்நேரமும் கூண்டில் போடுங்கள். கீரை கொஞ்சம், கேரட் எப்போதாவது. உப்புக்கட்டியா? புல்லோடு அளவான தீவனமும் தின்னும் முயலுக்கு, உப்பு விளையும் ஊரிலும் அது தேவையில்லை.