அஜ்மீரி கேட் பள்ளிக்கூடம்

புது தில்லி ஸ்டேஷனில் அஜ்மீரி கேட் பக்கம் இறங்கும் நம்மவர்களுக்கு, அருகிலுள்ள அந்தச் சிவப்புக் கல் கட்டடத்தின் கதை தெரிந்திருக்காது. காஜியுத்தீன் கான் கட்டிய மதரசா அது. 1825-ல் கம்பெனிக்காரர்கள் அங்கே தில்லி கல்லூரியைத் தொடங்கினார்கள்.

இந்து, முஸ்லிம் மாணவர்கள் மேல்நாட்டுக் கணக்கையும் விஞ்ஞானத்தையும் உருதுவிலேயே படித்தார்கள். (தாய்மொழிவழிக் கல்வி பற்றி இன்றும் சண்டை போடுகிறோமே!) கணக்கு வாத்தியார் ராமச்சந்திரர், காயஸ்தர். 1850-ல் அவர் எழுதிய புத்தகம், டி மார்கன் என்ற கணித மேதையின் முயற்சியால் 1859-ல் லண்டனில் மறுபதிப்பானது.

நடுவே, 1852-ல் ராமச்சந்திரர் கிறிஸ்தவரானார். ஊர் கொந்தளித்தது. சிலர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர். கல்லூரி நடந்ததும் அதே கம்பெனி காசில். சந்தேகம் வராமல் இருக்குமா?

1857-ல் கல்லூரி சூறையாடப்பட்டது, நூலகமும் போயிற்று. முதல்வர் டெய்லர் கொல்லப்பட்டார். ராமச்சந்திரர் தப்பினார்.

அந்தக் கல்லூரியின் வாரிசுதான் ஜாகிர் ஹுசேன் தில்லி கல்லூரி. பழைய கட்டடத்தில் இப்போது ஆங்கிலோ அரபிக் பள்ளி. 2012-லிருந்து பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள்.