எஸ்த்ரேச்சோ: குறுகலும் நெருக்கமும்

ஸ்பானிய மொழியின் ‘எஸ்த்ரேச்சோ’ என்னும் பெயரடைக்கு ‘குறுகலான’ என்பதே பலரும் முதலில் கற்கும் பொருள். அகலம் குறைந்த தெருவையும் காலைப் பிடிக்கும் காலணியையும் அச்சொல் குறிக்கும். நெருங்கிய நட்பையும் அதுவே குறிக்கும். அகலமின்மையைச் சுட்டும் சொல் அன்பையும் சுட்டுவது எங்ஙனம்?

விடை சொல்லின் பிறப்பில் உள்ளது. இதன் மூலம் லத்தீனின் ‘ஸ்ட்ரிக்டுஸ்’. ‘இறுக்கிக் கட்டு’ எனப் பொருள்படும் ‘ஸ்ட்ரிங்கெரே’ என்னும் வினையின் எச்ச வடிவம். ஸ்பானியத்தின் வழக்கமான ஒலிமாற்றங்கள் மூன்றும் இதில் நிகழ்ந்தன. சொல்முதல் ஸகர மயக்கத்தின் முன் எகரம் தோன்றியது (‘ஸ்கோலா’, ‘எஸ்குவேலா’ ஆனதுபோல்). குறில் இகரம் எகரமாயிற்று. ‘க்ட்’ என்பது ‘ச்’ ஆயிற்று (‘ஒக்டோ’, ‘ஓச்சோ’ ஆனதுபோல்). ஆகவே இச்சொல்லின் அடிப்படை அளவன்று, கட்டு. கட்டப்பட்டவை ஒடுங்கும், ஒன்றோடொன்று நெருங்கவும் செய்யும்.

அதே லத்தீன் சொல்லைக் கற்றோர் பிற்காலத்தில் நேரடியாகக் கடன்பெற்றதால் ‘எஸ்த்ரிக்தோ’ என்னும் இரட்டைச் சொல் உருவாயிற்று. கண்டிப்பு என்னும் பொருள் பெரிதும் அதன்பால் சென்றது. எனினும் முற்றும் நீங்கவில்லை. சிஸ்டர்சியத் துறவியருள் கடும் ஒழுங்கு பேணும் பிரிவின் ஸ்பானியப் பெயரில், பெண்பால் வடிவமான ‘எஸ்த்ரேச்சா’ இன்றும் நிலைத்துள்ளது.

குறுகலைக் குறிக்க ‘அங்கோஸ்தோ’ என்னும் மற்றொரு சொல்லும் உண்டு. அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியத்தில் அது பெருவழக்கு. லத்தீன் ‘அங்குஸ்துஸ்’ அதன் மூலம். மனவேதனையைக் குறிக்கும் ‘அங்குஸ்தியா’ அதன் உறவுச்சொல். நட்பை அடைகொளுத்த ‘அங்கோஸ்தோ’ வருவதில்லை.

இவ்விரு சொற்களும் ஒரே நீர்ப்பரப்பில் சந்திக்கின்றன. 1520 அக்டோபர் 21 அன்று மெகல்லனின் கப்பல்கள் தென் அமெரிக்காவின் தென்முனை அருகே ஒரு நீர்வழியின் வாயிலைக் கண்டன. நவம்பர் 28 அன்று மூன்று கப்பல்கள் அதைக் கடந்து பசிபிக்கை அடைந்தன. பெயரடை பெயராகி, அந்நீரிணை முழுவதும் இன்று ‘எஸ்த்ரேச்சோ தே மகல்யானெஸ்’ எனப்படுகிறது. அதனுள்ளே கரைகள் மேலும் ஒடுங்கும் ஈரிடங்களோ முதலாம், இரண்டாம் ‘அங்கோஸ்துரா’க்கள். முன்னது இரு கடல்களைப் பிணைக்கும் வழி. பின்னது அவ்வழியின் ஒடுக்கம்.

மொழிபெயர்ப்பாளர் ‘எஸ்த்ரேச்சோ’வை எங்கும் ‘குறுகிய’ என்றே பெயர்த்தால், நெருங்கிய உறவு குறுகிய உறவாகிப் பொருள் தலைகீழாகும். தமிழில் அதற்கு அணுக்கமான சொற்குடும்பம் ‘நெருங்கு’ என்பதன் வழி வருவது. அன்பின் நெருக்கமும் இடநெருக்கமும் வாழ்வின் நெருக்கடியும் அங்கும் ஒரே வேரில் கிளைத்தவையே.