கல்கத்தாவில் புகுந்த கதிர்

1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்னும் பௌதிகப் பேராசிரியர் கண்ணுக்குப் புலனாகாத எக்ஸ் கதிரைக் கண்டறிந்த செய்தி கடல் கடந்து கல்கத்தாவை எட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, பிரஸிடென்ஸி கல்லூரி ஆசிரியர் ஜகதீச சந்திர போஸ் அக்கதிருக்குரிய யந்திரத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். டாக்டர் நீல்ரத்தன் சர்க்காரின் பொருட்டு முதுகெலும்பு முறிந்த நோயாளி ஒருவரைப் படம் பிடிக்க வேண்டியிருப்பதை நண்பர் ரவீந்திரநாதருக்குக் கடிதத்திலும் எழுதினார். மகாகவிக்கு எழுதும் கடிதத்தில் எலும்பு முறிவுச் சமாசாரம் இடம் பெறுவது அந்நாளைய கல்கத்தாவில்தான் சாத்தியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த உற்சாகத்தில் அபாயத்தைச் சிந்தித்தவர் சிலரே. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிர்ப்புண் முற்றி 1904-இல் மாண்டார். எனினும், தாயின் கர்ப்பத்திலேயே கதிர் பட்ட சிசுக்களிடம் புற்றுநோய் மிகுந்திருப்பதை ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1950-களில் காட்டிய பின்னரும், வைத்திய உலகம் அதை எளிதில் ஏற்கவில்லை.

பிறவியிலேயே இருதயக் கோளாறுடைய குழந்தையின் நிலை இன்னும் சங்கடமானது. அதன் அணுக்கள் விரைந்து பெருகுவதாலும், தீங்கு வெளிப்படுவதற்கு நீண்ட ஆயுள் எஞ்சியிருப்பதாலும், எக்ஸ் கதிரின் துணையோடு இருதயத்துள் குழாய் செலுத்தும் பரிசோதனைகள் பன்முறை நேர்வதாலும், உயிர் காக்கும் கதிரே ஒவ்வொரு முறையும் சிறு கடனை ஏற்றிவைக்கிறது. 1953-இல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் தொடங்கிய இருதய ஒலியலைப் பரிசோதனை அச்சுமையை வெகுவாகக் குறைத்தது. ஆயினும் குழாய் வழியே இருதயத்திலுள்ள துவாரத்தை அடைக்கும் சிகிச்சையில் கல்கத்தாவின் இருதய மருத்துவர்கள் கதிரையும் நாடவே செய்கிறார்கள், அளவைச் சுருக்கி.