வகுப்பை விட்டோடிய டார்வின்

1825ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பதினாறு வயதுச் சார்லஸ் டார்வின் மருத்துவம் பயிலும்பொருட்டு எடின்பரோ நகரை அடைந்தார். தந்தையார் மருத்துவர், பாட்டனாரும் மருத்துவர். எனவே பிள்ளையும் மருத்துவனாவான் என்பது குடும்பத்தார் போட்ட கணக்கு. கணக்குப் பிழைத்தது.

மருந்தியல் விரிவுரை குளிர்காலத்தில் காலை 8 மணிக்குத் தொடங்கும். ஸ்காட்லாந்தில் அப்பருவத்தில் அந்நேரத்திற்குப் பொழுது புலர்ந்தும் புலராமலும் இருக்கும். அவ்வகுப்பை நினைத்தாலே அச்சமாக இருக்கிறதென்று, 1876இல் எழுதிய தன்வரலாற்றில் டார்வின் குறிப்பிடுகிறார். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அவ்வச்சம் தீரவில்லை!

உடற்கூற்றியல் பேராசிரியர் மன்றோ. பாட்டன், தந்தை, மகன் என மூவர், அலெக்சாந்தர் மன்றோ என்னும் ஒரே பெயருடன், 1720 முதல் 1846 வரை அப்பதவியைக் கைவிடாது காத்தனர். மூன்றாமவர் பாட்டனாரின் குறிப்புகளையே வகுப்பில் வாசித்தார் என்றும், பாட்டனார் 1719இல் தாம் மாணவராக இருந்ததைச் சொல்லும் இடத்தையும் மாற்றாமல் படித்தார் என்றும் ஒரு கதை வழங்கியது. பழைய பாடக்குறிப்பில் தேதியை மட்டும் மாற்றும் வழக்கம் நம்மிடையே எவருக்கும் இல்லை என்றே நம்புவோம். அவருடைய விரிவுரைகளும் அவரைப் போலவே சுவையற்றவை என்பது டார்வினின் தீர்ப்பு. வேதியியல் பேராசிரியர் ஹோப் ஒருவரே அவருடைய கண்டனத்திற்குத் தப்பினார்.

ஜேம்சனின் நிலவியல் வகுப்போ இன்னும் மோசம். வாழ்நாளில் இனி நிலவியல் நூலைத் தொடுவதில்லை என்று மாணவர் உறுதிபூண்டார். அவ்வுறுதி நீடிக்கவில்லை. 1831 டிசம்பரில் பீகிள் கப்பலேறியபோது அவருடன் சென்றது லையலின் நிலவியல் நூல். 1838இல் அவர் இலண்டன் நிலவியல் கழகத்தின் செயலாளராகவும் ஆனார்.

ஆயினும் எல்லாமே நகைப்புக்குரியன அல்ல. குளோரோஃபார்ம் மயக்கமருந்து அறுவைக்கு வந்தது 1847இல். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே டார்வின் இரண்டு அறுவைகளைக் கண்டார். ஒன்று குழந்தைக்குச் செய்யப்பட்டது. முடியுமுன் வெளியே ஓடியவர் மறுபடி அங்கே கால்வைக்கவில்லை.

அந்நகரில் அவர் விரும்பிக் கற்ற பாடம் ஒன்றுண்டு. கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன், பறவைகளைப் பாடம்செய்யும் கலையை நாளும் ஒரு மணி நேரம் சொல்லித் தந்தார். இரண்டு மாதத்திற்கும் சேர்த்துக் கட்டணம் ஒரு கினி. கலாபகசுத் தீவுகளில் பறவைகளைச் சேகரித்தபோது அக்கல்வி கைகொடுத்தது.

1827இல் பட்டமின்றி எடின்பரோவை விட்டார். உடலறுத்து ஆராயும் பயிற்சியைத் தம்மீது எவரும் வற்புறுத்தாது போனது ஈடுசெய்ய இயலாத இழப்பு என்று பின்னாளில் வருந்தினார். 1846 முதல் எட்டு ஆண்டுகள் கொட்டலசு என்னும் சிறு கடலுயிர்களை அறுத்து ஆராய்ந்தபோது, அன்று தட்டிக்கழித்த பாடத்தை அவர் தாமே தட்டுத்தடுமாறிக் கற்க வேண்டியிருந்தது.