வெயிலுக்குத் தெரியும் ரகசியம்!

அமாவாசை ராத்திரி. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு வெளியே வருகிறீர்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒருவர் மஞ்சள் கல் மோதிரத்தை நீட்டுகிறார். ''அசல் சிலோன் புஷ்பராகம் சார்!''

கல் நிஜமாகவே அசல் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் ஏமாறலாம். எப்படி? கல் அசல், நிறம் மட்டும் இரவல்!

ரத்தினங்களில் குற்றம் பார்ப்பது நமக்குப் புதுசில்லை. சிலப்பதிகாரத்தில், மதுரையின் ரத்தினக் கடைத்தெருவை வர்ணிக்கும் இளங்கோவடிகள், கற்களின் குற்றங்களையும் விவரமாகச் சொல்கிறார். ஆனால், இது கண்ணுக்கே தெரியாத குற்றம்.

1917. பிரேசிலில் மஷிஷி என்ற சுரங்கத்தில் அற்புதமான நீலக் கற்கள் கிடைத்தன. மரகதத்தின் ஒன்றுவிட்ட தம்பியான 'பெரில்' வகை. வெளிச்சத்தில் வைத்தால்... நீலம் வெளுத்துப்போனது! 1970-களின் தொடக்கத்தில் அதே போன்ற நீலம் மறுபடி சந்தைக்கு வந்தது. இந்தமுறை, கதிர்வீச்சு பாய்ச்சி ஏற்றிய நிறம்.

புஷ்பராகத்திலும் இதே வித்தை உண்டு. இரும்பு கலந்ததால் வரும் மஞ்சள் நிலைத்து நிற்கும். ஆனால், வெளிறிய கல்லில் கதிர்களைப் பாய்ச்சினால், உள்ளே எலெக்ட்ரான்கள் இடம்மாறிச் சிக்கிக்கொள்ளும். கல் பளிச்சென்று மஞ்சளாகும். வெயில் பட்டதும் அவை பழைய இடத்துக்கு ஓடிவிட, மஞ்சள் காலி! 1987-ல் கர்ட் நாசாவ் என்ற விஞ்ஞானி, வாலென்டே என்பவருடன் சேர்ந்து, மஞ்சள் நீலக்கல்லை ஏழு ரகமாகப் பிரித்து, எது வெளிச்சத்தைத் தாங்கும் என்று எழுதினார்.

சோதனை ரொம்ப எளிது. நிறத்தைக் குறித்துக்கொண்டு, கல்லைச் சில நாள் வெயிலில் வைப்பது. ஆய்வுக்கூடங்களில் வெயிலுக்குப் பதில் பலமான விளக்கு. முதலில் புற ஊதா ஒளி காட்டி, ஒளிந்திருக்கும் நிறத்தை வெளியே வரவழைத்துவிட்டு, பிறகு வெளுக்க வைத்துப் பார்ப்பதும் உண்டு.

'இயற்கைக் கல் என்றால் பயமில்லையே?' என்கிறீர்களா? அதுவும் கிடையாது! தாமரை நிறக் கல் என்று இலங்கை புகழ்பெற்றதே, 'பத்பரட்சா'? அதே சாயலில் 2016 கடைசியிலிருந்து மடகாஸ்கரில் கற்கள் கிடைத்தன. அவற்றில் சில, பகல் வெளிச்சத்தில் சில வாரங்களிலேயே ஆரஞ்சை இழந்து வெறும் பிங்க் ஆகிவிட்டன. 2018-ல் ஸ்விட்சர்லாந்தின் எஸ்.எஸ்.இ.எஃப். ஆய்வுக்கூடம் எச்சரிக்கை விட்டது. பத்பரட்சா விலை கொடுத்து வாங்கியவர் கையில் சாதா பிங்க் கல்!

ஆகவே, சேமிப்பைக் கொட்டிக் கல் வாங்குமுன், நிறம் நிலைக்குமா என்று சோதித்த சான்றிதழ் கேளுங்கள். இல்லையென்றால், ''ஒரு வாரம் வெயிலில் வைத்துப் பார்த்துட்டு, வெளுத்தா திருப்பித் தரலாமா?'' என்று கேளுங்கள்.

அப்போது கல்லைப் பார்க்க வேண்டாம். கடைக்காரர் முகத்தின் நிறம் மாறுகிறதா, பாருங்கள்!