ஜீப் ஏன் நடுங்குது? நாலு சிலிண்டரோட 80 வருஷக் கதை

கச்சிராயபாளையம் கல்வராயன் மலையோட அடிவாரம். அங்கேயிருந்து வெள்ளிமலைக்கு ரோடு ஏறுது. அந்த ரோட்ல மேலேயிருந்து இறங்கி வர்ற ஒரு பழைய ஜீப்பை மனசுல வச்சுக்கோங்க. கியர்ல இறங்குற வரைக்கும் பிரச்சினை இல்ல, சக்கரமே இன்ஜினைச் சுத்த வச்சிடும். வளைவுல கியர் மாத்த கிளட்சை அமுக்குறோம் பாருங்க, அந்த ரெண்டு செகண்டுதான் இன்ஜின் சொந்தக் கால்ல நிக்கணும். மெக்கானிக்குங்க பாஷையில "ஸ்லோ நிக்கணும்". நிக்கலைன்னா வண்டி ஆஃப். வேக்குவம் பூஸ்டர் வச்ச பிரேக்கா இருந்தா, பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வரும். அதுக்கப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகிடும்.

"ஓடும்போது நல்லாத்தான் இருக்கு, நிக்கும்போதுதான் நடுங்குது"ன்னு சென்னை சிக்னல்ல ஒருத்தர் சொன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். கல்வராயன்ல முடியாது. 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்த மலை அது. 2024-ல மெட்ராஸ் ஹைகோர்ட் அங்க இருக்கிற மக்களோட நிலைமையைத் தானா முன்வந்து வழக்கா எடுத்தப்போகூட, ரோடும் பஸ்ஸும்தான் பெரிய பேச்சா இருந்துச்சு. பஸ் போகாத இடத்துக்கு ஜீப்தான் போகும்.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கிற முறை எங்கேயிருந்து வந்துச்சுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. இரண்டாம் உலகப் போர்ல வில்லிஸ் ஜீப்புக்குள்ள இருந்த இன்ஜின் பேரு 'கோ டெவில்'. நாலு சிலிண்டர், 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். ஸ்லோவுல நிமிஷத்துக்கு சுமார் 600 சுத்து. நாலு ஸ்ட்ரோக்ங்கிறதால ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும், அதாவது செகண்டுக்கு 5 தடவை. ஒரு சிலிண்டர் செத்துப்போச்சுன்னா செகண்டுக்கு 5 பள்ளம். நம்ம உடம்பு அதை எண்ணிடும், ஸ்டீயரிங்லயே தெரியும். அதே வண்டி 2,400-ல ஓடும்போது செகண்டுக்கு 20 பள்ளம் வரும். ஃபிளைவீல் வேகத்துல அது கரைஞ்சு போயிடும். நோய் போகல, மறைஞ்சுக்குது, அவ்வளவுதான்.

போர்ல வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல ஜீப் செஞ்சாங்க. ஓட்டினவங்கள்ல பல பேர் இன்ஜினைத் திறந்தே பார்க்காத பசங்க. அதனால அமெரிக்க ராணுவம் 1944 பிப்ரவரியில டி.எம். 9-803-ன்னு ஒரு கையேடு போட்டுச்சு. அதுல எனக்குப் பிடிச்சது டிரபுள் ஷூட்டிங் பகுதி. பார்ட் பேர்ல ஆரம்பிக்காது, அறிகுறியில ஆரம்பிக்கும். என்ன தெரியுதோ அதைச் சொல்லு, எங்க பார்க்கணும்னு நான் சொல்றேன்ங்கிற கணக்கு. நாம இன்னைக்கு ஆன்-கால்ல ராத்திரி ரெண்டு மணிக்குத் திறந்து பார்க்கிற ரன்புக்கோட தாத்தா இதுதான்னு நான் நினைக்கிறேன்.

இந்தியாவுக்கு ஜீப் தொழிலா வந்தது 1947-ல. பம்பாயில மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனி வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சுது. பார்ட்னர் குலாம் முகமது பாகிஸ்தானோட முதல் நிதி அமைச்சராப் போயிட்டார், 1948-ல கம்பெனி பேரு மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. அதுக்கப்புறம் வந்த சிஜே-3பி-யில 'ஹரிக்கேன்' இன்ஜின். இன்டேக் வால்வை மேல ஹெட்டுக்குத் தூக்கிட்டாங்க, பானெட் உயரமா இருக்கிறதுக்குக் காரணமே அதுதான். இன்டேக் வழியும் ஹெட்டோடயே வார்க்கப்பட்டது. அதனால கோ டெவில்ல அடிக்கடி ஏர் இழுத்த மேனிஃபோல்டு கேஸ்கட் தொல்லை இதுல குறைஞ்சுது. ஆனா வேற ஒரு வில்லன் இருந்தான். வைப்பர்!

அந்தக் காலத்து ஜீப்ல வைப்பர் ஓடுறது மோட்டார்ல இல்ல, இன்ஜினோட வேக்குவத்துல. அந்த ரப்பர் ஹோஸ் வெடிச்சிருந்தா, கார்பரேட்டருக்குத் தெரியாம காத்து உள்ள போகும், ஸ்லோ நிக்காது. கார்பரேட்டரைக் கழட்டி நாலு தடவை கழுவினாலும் நிக்காது. காரணம் கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கும்! அதனாலதான் நல்ல மெக்கானிக் முதல்ல ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டார். வேக்குவம் கேஜை மாட்டுவார். சமவெளியில முள்ளு 17-லேயிருந்து 21 அங்குலத்துக்குள்ள ஆடாம நிக்கணும். ஆடாம கீழ நின்னா லீக், இல்லைன்னா டைமிங் பின்னாடி போயிருக்கு. ஒரே தாளத்துல துடிச்சா ஒரு வால்வு. மலைக்காரங்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: ஆயிரம் அடி ஏறினா ஒரு அங்குலம் தானாவே குறையும். 3,000 அடியில அடிவாரக் கணக்கை வச்சுப் பார்த்தா நல்ல இன்ஜினையே சந்தேகப்படுவோம்.

கேஜ் இல்லாதவங்க? பிளக் வயரை ஒண்ணொண்ணா புடுங்குவாங்க. நல்ல சிலிண்டரோட வயரைப் புடுங்கினா இன்ஜின் இன்னும் மோசமாகும். எந்த வயரைப் புடுங்கினாலும் சத்தம் மாறலையோ, அதுதான் ஏற்கனவே செத்த சிலிண்டர். கெட்டதைத் தேடாம, நல்லதை ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்க்கிறது. சர்வர்களை ஒண்ணொண்ணா லோட் பேலன்சர்லேயிருந்து எடுத்துப் பார்க்கிறவங்களுக்கு இது புதுசா இருக்காது.

அப்புறம் 70-களோட எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் ஜீப் கட்டுப்படியாகல. டிராக்டர் வம்சத்து இன்டர்நேஷனல் டீசல் இன்ஜின் ஜீப்புக்குள்ள வந்துச்சு. 1979-ல மஹிந்திரா பெஷோகிட்ட எக்ஸ்டிபி 4.90 டீசலுக்கு லைசன்ஸ் வாங்கிச்சு. எம்எம் 540 வச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் பேரு குலதெய்வம் பேரு மாதிரி.

டீசல்ல பிளக் வயர் கிடையாது. ஆனா முறை மாறல. இன்ஜெக்டருக்குப் போற ஹை பிரஷர் பைப்போட நட்டை ஒரு நூல் தளர்த்தினா, அந்த சிலிண்டருக்கு டீசல் கட். சத்தம் மாறலைன்னா அங்கதான் பிரச்சினை. (கையை வச்சுப் பார்க்காதீங்க. அந்த அழுத்தத்துல டீசல் தோலுக்குள்ள பாயும், நேரா ஆஸ்பத்திரிதான்.) அடுத்ததா அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டர்ல மாட்டணும். நோய் கூடவே நகர்ந்துச்சுன்னா நாசில். அங்கேயே நின்னுச்சுன்னா வால்வு, இல்லைன்னா கம்ப்ரஷன். இந்த ஒரு மாற்றலைப் பண்ணாம நாலு நாசிலும் புதுசு வாங்கி மாட்டிட்டு, வண்டி இன்னும் நடுங்குதுன்னு நிக்கிறது நம்ம ஊர்ல தினமும் நடக்குது.

பெஷோ இன்ஜின்ல இன்னொரு விஷயம். எரிப்பு முதல்ல தனி அறையில ஆரம்பிக்கிற டிசைன் அது, அதனால ஹீட்டர் பிளக் வேணும். மலையில காலைக் குளிர்ல அஞ்சு நிமிஷம் வெள்ளைப் புகையோட குலுக்கிட்டு அப்புறம் சரியானா, பம்பைத் தொடாதீங்க, முதல்ல ஹீட்டர் பிளக்கைப் பாருங்க. பின்னாடி வந்த 'டிஐ' வண்டிகள்ல அந்த அறையே இல்ல. அதுங்க ஸ்லோவுல 'டக டக'ன்னு கத்துறது பிறவிக் குணம்.

இந்தியாவில வண்டிகளுக்கு ஓபிடி கட்டாயமானது 2010-க்கு அப்புறம். அதுக்கு முன்னாடி வந்த ஜீப்புல ஸ்கேனர் சொருக ஓட்டையே இல்லை, எர்ரர் கோடும் இல்லை. இந்த ஜீப்புங்க குறைஞ்சுட்டும் வருது. 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளை 2023 ஏப்ரல்லேயிருந்து கழிச்சுக் கட்டுறாங்க. மிச்சம் இருக்கிறது பெரும்பாலும் தனியார் கையில, அதுவும் ரோடு மோசமான இடங்கள்ல.

நீங்க ஒண்ணு வச்சிருந்தா, செலவு கம்மியானதுலேயிருந்து ஆரம்பிங்க. பானெட்டைத் திறந்து, இன்ஜின் மவுண்ட் ரப்பர் நசுங்கியிருக்கான்னு பாருங்க. நசுங்கியிருந்தா இன்ஜின் நல்லா இருந்தாலும் பாடி ஆடும். அடுத்து ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு அடி கண்ணாடி டியூப் போட்டு ஓட விடுங்க. குமிழ் வந்துச்சுன்னா டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல எங்கேயோ ஏர் இழுக்குது. இது ரெண்டும் இல்லைன்னாதான் ஸ்பேனரை எடுத்து முதல் சிலிண்டர் நட்டுக்குப் போகணும்.