இடிக்காமல் நின்ற செங்கல் மனை



கட்டடம் என்றதும் நாம் உயரத்தையே மெச்சுகிறோம். கோபுரம் எத்தனை அடி என்றே கேட்கிறோம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் எழுந்த ஒரு செங்கல் வீடு, தாழ்ந்து நீண்டு கிடந்தே உலகப் புகழ் பெற்றது. அதன் வரலாற்றை இந்த யூபிலி நாளில் நாம் சிந்திப்பது பயன் தரும்.

மிதிவண்டித் தொழில் நடத்திய பிரெடரிக் ரோபி என்னும் இளைஞருக்காக, கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் இவ்வீட்டை வரைந்தார். 1909-ல் தொடங்கிய வேலை 1910-ல் நிறைவேறியது. அந்நாட்டின் நெடிய சமவெளியைப் போலவே வீடும் கிடையாக நீள வேண்டும் என்பது ரைட்டின் எண்ணம். ஆகவே, வழக்கமான செங்கல்லைவிட நீண்டு மெலிந்த செங்கற்களைத் தெரிந்தெடுத்தார். வரிகளுக்கு இடையே கிடையாக ஓடும் சாந்து வெளிர் நிறமாயிற்று; செங்குத்துச் சந்துகளில் இட்ட சாந்து செங்கல்லின் நிறமாகவே கலக்கப்பட்டது. இதனால் குத்துக்கோடுகள் கண்ணுக்கு மறைந்தன. சுவர் முழுவதும் நீண்ட வரிகளாய் ஓடிற்று. கூரையோ சுவரைக் கடந்து வெகுதூரம் நீண்டு நிற்கிறது. அடியில் தூண் இல்லை. உள்ளே மறைந்திருக்கும் எஃகு உத்திரங்களே அதைத் தாங்குகின்றன. கூடத்திற்கும் உணவறைக்கும் நடுவே முழுச்சுவர் கிடையாது. குளிர்காயும் கணப்பே இரண்டையும் பிரித்து நிற்கிறது.

இத்தனை கருத்தோடு கட்டிய வீட்டில் ரோபி குடும்பத்தார் இரண்டு ஆண்டுகள்கூட வாழவில்லை. பண நெருக்கடியும் குடும்பப் பிளவும் நேர்ந்து, 1911-ல் வீடு கைமாறியது. 1926-ல் சிகாகோ இறையியல் கல்லூரி அதை வாங்கி மாணவர் விடுதியாக்கியது. பின்னர் 1941-லும் 1957-லும் வீட்டை இடித்துவிட்டுப் புதிய விடுதி கட்ட அக்கல்லூரி எண்ணியது. குருமடத்தில் பயின்ற நமக்கு இச்செய்தி சற்றே உறுத்துகிறது. இடிக்க நினைத்தவர்கள் தீயவர்கள் அல்லர். இறைப்பணிக்கு வரும் மாணவருக்கு இடம் தேடியவர்கள். நல்ல நோக்கமே ஓர் அரிய படைப்பை அழிக்கப் பார்த்தது!

89 வயதிலும் ரைட் நேரில் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். நிலம், கட்டடம் வாங்கி விற்கும் வணிகரான வில்லியம் செக்கண்டார்ப் 1958-ல் அதை வாங்கிக் காத்தார். 1963-ல் சிகாகோ பல்கலைக்கழகத்திற்குக் கொடையாக அளித்தார். 2019-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் பங்கிலும் தேவைகள் பெருகும். பழைய சுவர்கள் இடைஞ்சலாகத் தோன்றும். கடப்பாரையை எடுக்குமுன், இதைக் கட்டிய கைகள் ஏன் இப்படிக் கட்டின என்று ஒரு முறை கேட்டறிவோம். அதன் பிறகு முடிவு செய்வோம்.